கறுப்பு ஸ்கிரீன் வந்தா லேப்டாப் செத்துடுச்சுன்னு அர்த்தமில்ல: லாகின் மேனேஜரைப் புரிஞ்சுக்குவோம்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். ஏற்காட்டுல, டவுனைத் தாண்டிக் கொஞ்சம் உள்ள இருக்குற ஒரு ஊர்ல, சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன் எடுக்குற ஒரு அக்கா அனுப்பியிருந்தாங்க. அவங்ககிட்ட மூணு பழைய அரசு லேப்டாப் இருக்கு. படிச்சு முடிச்சு வேலைக்குப் போன பிள்ளைங்க விட்டுட்டுப் போனது. யாரோ ஒரு தம்பி மூணுலயும் டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்காரு.

முதல் லேப்டாப்ல லாகின் பக்கமே வர்றதில்ல, வெறும் கறுப்பு. ரெண்டாவதுல பாஸ்வேர்டு சரியா அடிச்சாலும் ஒரு நொடி கறுப்பாகி, மறுபடி அதே பாஸ்வேர்டு பெட்டி. மூணாவது ஓடுது, ஆனா ஆன் பண்ணா பாஸ்வேர்டே கேக்காம நேரா உள்ள போயிடுது. பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு டைப் பண்ணி வச்ச நோட்ஸை ஒரு குட்டிப் பையன் தெரியாம அழிச்சிட்டான். "சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்க் காட்டணுமா, இல்ல காயலான் கடைல போட்டுடவா?"ன்னு கேட்டிருந்தாங்க.

ரெண்டும் வேண்டாம். இந்த மூணுமே லாகின் நடக்குற அந்த ஒரு இடத்துலதான் தெரியுது. அந்த இடத்தைப் பார்த்துக்குற புரோகிராமுக்குத்தான் டிஸ்ப்ளே மேனேஜர், இல்லன்னா லாகின் மேனேஜர்னு பேரு.

முதல்ல அந்த லேப்டாப் பத்தி

தமிழ்நாடு அரசோட இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்னைக்கு ஆரம்பிச்சது. வாங்கிக் கொடுக்குற பொறுப்பு எல்காட்டுக்கு. அந்த மெஷின்கள்ல விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கா? பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னை சி-டாக்ல உருவாக்கி 2007ல வெளியிட்டாங்க. அதோட அடித்தளமும் டெபியன்தான். அதனால இன்னைக்குச் சொல்ற விஷயம் பாஸ், டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கு. அந்த ஆரம்பகால லேப்டாப்கள்ல பெரும்பாலும் 2 ஜிபி ராம்தான். டெபியன் இன்ஸ்டாலர்ல எதையும் மாத்தாம எண்டர் தட்டிட்டே போனா ஜினோம் டெஸ்க்டாப்பும், அதோட லாகின் மேனேஜரான ஜிடிஎம்மும் வந்து உக்காந்துக்கும். ஜிடிஎம் காட்டுற லாகின் பக்கம் இருக்கே, அது பின்னாடி ஓடுறதே ஒரு முழு ஜினோம் ஷெல். அதாவது நீங்க உள்ள போறதுக்கு முன்னாடியே ஒரு டெஸ்க்டாப் ஓடிட்டிருக்கு. புது மெஷின்ல இது தெரியவே தெரியாது. 2 ஜிபில, பழைய கிராஃபிக்ஸ் சிப்ல, அங்கேயே மூச்சு வாங்கும்.

லாட்ஜ் ரிசப்ஷன்

மே மாசம் கோடை விழாவுக்கு ஏற்காடு போறீங்கன்னு வச்சுக்குங்க. லாட்ஜ்ல முதல்ல பார்க்குறது கவுன்டர்ல சிரிச்சுட்டு நிக்கிறவரை. லினக்ஸ்ல அவர் பேரு க்ரீட்டர். பேரும் பாஸ்வேர்டும் கேக்குற அந்தத் திரை. ஆனா உங்க ஐடி சரியான்னு அவர் முடிவு பண்றதில்ல, உள்ள மேனேஜர்கிட்ட காட்டுவாரு. அந்த மேனேஜர் பேரு பாம். பி, ஏ, எம். அவர் சரின்னு சொன்னதும் "லேக் பக்கம் ரூமா, தோட்டத்துப் பக்கமா?"ன்னு கேட்டு சாவி கொடுப்பாங்க. அந்த ரூம்தான் செஷன்: எக்ஸ்எஃப்சிஇ, ஜினோம், கேடிஇ, எது வேணுமோ அது. இந்த மொத்த ஆபீஸையும் நடத்துறது டிஸ்ப்ளே மேனேஜர்.

இந்த ஏற்பாடு ரொம்பப் பழசு. கீத் பேக்கார்டு எழுதின எக்ஸ்டிஎம் 1988லேயே எக்ஸ் விண்டோ சிஸ்டத்தோட வந்துடுச்சு. இப்போ பரவலா இருக்குறது ஜினோமோட ஜிடிஎம், கேடிஇ பக்கம் எஸ்டிடிஎம், அப்புறம் எந்த டெஸ்க்டாப்போடவும் ஒத்துப்போற லைட்டிஎம். இதுல முக்கியமான விஷயம், கவுன்டர் வேற, ரூம் வேற. கவுன்டர்ல ஆள் மயங்கி விழுந்தா ரூம்ல இருக்குற உங்க பெட்டி எங்கயும் போகாது.

கறுப்பு ஸ்கிரீன்: பின்வாசல் வழியா போங்க

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க. சில லேப்டாப்ல எஃப்என் கீயையும் சேர்க்கணும். கறுப்புத் திரைல வெள்ளை எழுத்துல லாகின்னு கேட்டுச்சுன்னா நிம்மதியா ஒரு டீ குடிங்க. மதர்போர்டு போகல, டிஸ்க் போகல. கவுன்டர் மட்டும்தான் மூடியிருக்கு. இதுவும் வரலன்னாதான் வேற காரணம் தேடணும்.

உள்ள போய் முதல் கமாண்ட்: சூடோ டிபிகேஜி, ஸ்பேஸ், ரெண்டு ஹைஃபன் ஒட்டி கான்ஃபிகர், ஸ்பேஸ், ஹைஃபன் ஏ. ஏன்னா மழைக்காலத்துல மலைல கரண்ட் போறது சகஜம், பழைய பேட்டரி ஒரு நிமிஷம்கூட தாங்காது. அப்டேட் நடக்கும்போது ஆஃப் ஆச்சுன்னா பேக்கேஜ் பாதில நிக்கும். இந்தக் கமாண்ட் அந்தப் பாதி வேலையை முடிச்சு வைக்கும்.

அப்புறம் இன்டர்நெட் கொடுத்து, சூடோ ஆப்ட் அப்டேட். அடுத்து சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போட்டு மூணு பேக்கேஜ் பேர்: லைட்டிஎம், லைட்டிஎம் ஹைஃபன் ஜிடிகே ஹைஃபன் க்ரீட்டர், எக்ஸ்எஃப்சிஇ4. நடுவுல ஒரு பெட்டி வந்து, எது டிஃபால்ட் டிஸ்ப்ளே மேனேஜர்னு கேக்கும். லைட்டிஎம்மைத் தேர்ந்தெடுங்க. அந்தப் பெட்டியைத் தவற விட்டா சூடோ டிபிகேஜி ஹைஃபன் ரீகான்ஃபிகர் லைட்டிஎம்னு போடுங்க, திரும்பக் கேக்கும். ஜிடிஎம்மை உடனே அழிக்க வேண்டாம். ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும், இன்னொண்ணு சும்மா டிஸ்க்ல படுத்திருக்கும். புதுசு ஒரு வாரம் ஒழுங்கா ஓடினதும் பழசைத் தூக்கலாம். இப்போ ரீபூட்.

டெபியன் இல்லாதவங்களுக்கு: ஃப்ரீபிஎஸ்டில பிகேஜி இன்ஸ்டால் முடிச்சதும் இடிசி ஃபோல்டர்ல இருக்குற ஆர்சி டாட் கான்ஃப் ஃபைல்ல டிபஸ்ஸையும் லைட்டிஎம்மையும் எனேபிள், யெஸ்னு எழுதணும். ஓபன்பிஎஸ்டில அதோட சொந்த ஜெனோடிஎம் கூடவே வருது, ஆர்சிசிடிஎல் எனேபிள் ஜெனோடிஎம் போட்டா போதும்.

திரும்பத் திரும்ப லாகின் பக்கமே வந்தா

ரெண்டாவது லேப்டாப் இது. பாஸ்வேர்டு தப்புன்னா தப்புன்னு சொல்லும். சொல்லாம வெளிய தள்ளுதுன்னா பாம் உங்களை ஏத்துக்கிச்சு, ரூம் கதவுதான் திறக்கல. கவுன்டரை மாத்தி இதுல பிரயோஜனம் இல்ல.

முதல் சந்தேகம் டிஸ்க் ஃபுல். அதே பின்வாசல்ல டிஎஃப் ஹைஃபன் எச் அடிங்க. 100% காட்டினா அதான் காரணம். அப்போ லாகின் பக்கம் மட்டும் எப்படி வருது? இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வழக்கமா 5% இடத்தை ரூட் யூசருக்குன்னு ஒதுக்கி வைக்கும். லாகின் மேனேஜர் ரூட்டா ஓடுது, அதனால அதுக்கு எழுத இடம் கிடைக்கும். உங்க செஷன் சாதாரண யூசரா ஆரம்பிக்குது, ஒரு சின்ன ஃபைல்கூட எழுத முடியாம விழுந்துடும். சூடோ ஆப்ட் க்ளீன் போட்டா டவுன்லோட் ஆன பழைய பேக்கேஜ்கள் போய் கொஞ்சம் இடம் வரும். உள்ள போனதும் மீதியைச் சுத்தம் பண்ணுங்க.

ரெண்டாவது சந்தேகம், உங்க ஹோம் ஃபோல்டர்ல டாட் எக்ஸ்அத்தாரிட்டின்னு ஒரு ஒளிஞ்ச ஃபைல். யாராவது சூடோ போட்டு டெஸ்க்டாப்பைக் கிளப்பியிருந்தா அது ரூட் பேர்ல மாறியிருக்கலாம். அதை அழிச்சிடுங்க, அடுத்த லாகின்ல புதுசா உருவாகும்.

ரெண்டும் இல்லன்னா சூடோ ஜர்னல்சிடிஎல், ஹைஃபன் பி, ஹைஃபன் யூ, லைட்டிஎம். கடைசிப் பத்து வரியைப் படிங்க, இல்ல போட்டோ எடுத்துத் தெரிஞ்சவங்களுக்கு அனுப்புங்க. "வரல"ன்னு மட்டும் சொல்றதுக்கும் அந்தப் பத்து வரிக்கும் நிறைய வித்தியாசம்.

ஆளுக்கொரு ரூம்

இப்போ மூணாவது லேப்டாப். எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. ஆட்டோலாகின் போட்டு வச்சா ஈஸியாத்தான் இருக்கும். ஆனா எட்டுப் பிள்ளைங்க ஒரே அக்கவுன்ட்ல இருந்தா யாருக்கும் சொந்த இடம்னு ஒண்ணு இல்ல. அந்தப் பொண்ணோட நோட்ஸ் போனதுக்குக் காரணம் அந்தக் குட்டிப் பையன் இல்ல, செட்டிங்.

சூடோ ஆட்யூசர் போட்டு ஒவ்வொருத்தருக்கும் ஒரு அக்கவுன்ட் திறங்க. யாருக்கும் சூடோ உரிமை வேண்டாம். பாஸ்வேர்டு இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமா இருக்கட்டும். உள்ள போனப்புறம் தமிழ்99ல பிரமாதமா டைப் பண்ணலாம், ஆனா லாகின் திரைல அந்தத் தமிழ் கீபோர்டு பொதுவா இருக்காது. தமிழ்ல பாஸ்வேர்டு வச்சா வெளிய நிக்க வேண்டியதுதான். பழைய வெர்ஷன்கள்ல ஒருத்தர் ஹோம் ஃபோல்டரை இன்னொருத்தர் திறந்து படிக்கவும் முடியும். அதனால ஒவ்வொரு ஃபோல்டருக்கும் சிஎச்மாட் 700 போட்டுடுங்க.

அடுத்து கான்ஃபிக். இடிசிக்குள்ள லைட்டிஎம் ஃபோல்டர், அதுக்குள்ள லைட்டிஎம் டாட் கான்ஃப் டாட் டி ஃபோல்டர். இல்லன்னா உருவாக்கிக்குங்க. அதுல டாட் கான்ஃப்னு முடியுற ஒரு சின்ன ஃபைல். முதல் வரி, சதுர அடைப்புக்குறிக்குள்ள சீட், கோலன், ஸ்டார். அடுத்த வரி க்ரீட்டர் ஹைஃபன் ஹைட் ஹைஃபன் யூசர்ஸ், ஈக்வல் டு, ஃபால்ஸ். டெபியன்ல பேர்ப் பட்டியல் மறைஞ்சிருக்கும், இது அதை வெளிய காட்டும். சின்னப் பிள்ளைங்க தன் பேரைத் தட்டினா போதும். அதுக்கடுத்து யூசர் ஹைஃபன் செஷன், ஈக்வல் டு, எக்ஸ்எஃப்சிஇ. ஏற்கெனவே இருக்குற ஃபைல்ல ஆட்டோலாகின் ஹைஃபன் யூசர்னு வரி இருந்தா முன்னாடி ஒரு ஹேஷ் போட்டு முடக்குங்க. லைட்டிஎம், ரெண்டு ஹைஃபன் ஒட்டி ஷோ ஹைஃபன் கான்ஃபிக் அடிச்சா, எந்த செட்டிங் எந்த ஃபைல்ல இருந்து வருதுன்னு காட்டும்.

இதெல்லாம் முடிச்சதும் ஒரு ரீபூட் பண்ணிட்டு, டெஸ்க்டாப் ஓடும்போதே கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 ஒரு தடவை பழகிப் பாருங்க. திரும்பி வர எஃப்7, அது இல்லன்னா எஃப்1 இல்ல எஃப்2. அந்த மூணு கீயை ஒரு சின்ன பேப்பர்ல எழுதி லேப்டாப் அடில ஒட்டி வைங்க. கமாண்ட் எல்லாம் தேடிக்கலாம். பின்வாசல் ஒண்ணு இருக்குங்கறது மட்டும் மறக்கக் கூடாது.

வீட்டு அலமாரில இப்படி ஒரு கறுப்பு ஸ்கிரீன் தூங்கிட்டிருந்தா இந்த வாரம் எடுத்து எஃப்3 அழுத்திப் பாருங்க. என்ன வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.