முதலில் இலக்கத்தை எழுதுங்கள்

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை 1934இல் காலமானார். அவருடைய தாளக்கட்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பக்கவாத்தியக்காரர்கள் திணறிய கதைகளைப் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நமக்கு மிஞ்சியது அந்தக் கதைகள்தான். கிராமபோன் கம்பனிகள் வித்துவான்களைத் தேடி அலைந்த காலத்திலும் அவர் தட்டில் பாடச் சம்மதிக்கவில்லை. அவருடைய சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பாடினார். அதனால்தான் அந்தப் பாணி எப்படி இருந்தது என்று ஓரளவாவது இன்றைக்கு ஊகிக்க முடிகிறது.

அதே சுப்பிரமணிய பிள்ளை பிற்காலத்தில் கடல் தாண்டி யாழ்ப்பாணத்து மருதனார்மடத்துக்கு வந்தார். இராமநாதன் இசைக் கல்லூரியின் அதிபராக இருந்தார். 1960இல் அந்தக் கல்லூரி தொடங்கியபோது முதல் அதிபராக இருந்தவர் மகாராஜபுரம் சந்தானம். உடுவில் சந்தியில் சைக்கிள் ஏறினால் ஒரு பக்கம் மருதனார்மடம், மறு பக்கம் இணுவில். தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்தது இணுவிலில். சுருதி கொஞ்சம் விலகினாலும் பந்தலில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற வட்டாரம் இது. இப்படிப்பட்ட ஊருக்குள் இசைத்தட்டு வராமல் இருந்திருக்குமா? வந்தது. எவ்வளவு வந்தது, யாரிடம் இருந்தது, இப்போது என்ன மிச்சம் என்பதைச் சொல்லத்தான் ஒரு பட்டியலும் இல்லை.

பழைய தட்டு இருக்கிற வீட்டுக்குப் போனால் வழக்கமாக ஒரே கேள்விதான் வரும்: "தம்பி, பாட்டெல்லாம் உன்ர போனிலேயே இருக்கு. இது என்னத்துக்கு?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல, தட்டின் கதையிலிருந்து கொஞ்சம் தொடங்க வேண்டும்.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பதிவுக் கருவியை இறக்கி கௌஹர் ஜானைப் பாட வைத்தார். பதிந்த மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய், அங்கே அச்சாகித் திரும்பி வந்தன. ஹனோவரில் இருந்தவர்களுக்கு எது யாருடைய குரல் என்று தெரியாது. அதனால் பாட்டு முடிந்ததும் பாடகி தன் பெயரை ஆங்கிலத்தில் தானே அறிவித்துவிடுவார். பதிவேடு எழுதும் வேலை பாட்டுக்குள்ளேயே தொடங்கிவிட்டது என்று இதைப் பார்க்கலாம். 1908இல் கல்கத்தாவிலேயே அச்சு ஆலை வந்தது. தட்டின் மூலப்பொருளும் அந்தப் பக்கத்துக் காடுகளில்தான் கிடைத்தது: மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி கக்கும் பிசின். அதோடு கல்தூளும் கரியும் பஞ்சும் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் அரக்குத் தட்டு. ஏறக்குறைய 1970 வரை இந்தியாவில் இது அச்சாகிக்கொண்டிருந்தது.

தமிழ்க் குரல்கள் தட்டில் ஏறியதும் எங்கெங்கோ போயின. கோயமுத்தூர் தாயி பாடியதைக் கேட்டு மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சுக்காரர் 'ராகமாலிகா' என்று குரலுக்கும் பியானோவுக்குமாக ஓர் உருப்படி எழுதினார். பாரிசில் அது பாடப்பட்டபோது தாயி யாரென்று கேட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்களோ.

எல்லோரும் இதைக் கொண்டாடவில்லை. 1909இல் கொழும்பில் வெளிவந்த கட்டுரைத் தொகுதி ஒன்றில் ஆனந்த குமாரசுவாமி கிராமபோனுக்கு எதிராக ஒரு கட்டுரையே எழுதினார். யாழ்ப்பாணத்தில் வேர் கொண்ட குடும்பத்துப் பிள்ளை அவர். இயந்திரம் வந்தால் பாடுகிறவன் ஒதுங்குவான், கேட்கிறவன் காது மழுங்கும் என்பது அவர் கவலை. என் கணக்கில் பாதி பலித்தது. கலியாண வீட்டில் ஒலிபெருக்கி கட்டிய பிறகு எத்தனை நாதஸ்வரச் செட்டுகளுக்கு வேலை குறைந்தது என்று இணுவில்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். மறு பாதி பலிக்கவில்லை. மேடையில் தோடியை மணிக்கணக்கில் விரித்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை, தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம் என்ற கட்டுக்குள் அதே தோடியை வாசித்தார். அந்தத் தட்டைக் கேட்டவர் காது மழுங்கியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இலங்கைக்கும் தட்டுக்கும் வேறு உறவுகளும் உண்டு. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்துப் புகழ் கண்டது 1920களில் கொழும்பு மேடையில். கிட்டப்பா 1933 டிசம்பரில் 28 வயது நிரம்பாமலேயே போய்விட்டார். நமது இசை நாடகக்காரர்கள் பிறகு அவரைக் கற்றுக்கொண்டது தட்டிலிருந்துதான். இன்னொன்று: 1923இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தி இலாகாப் பொறியியலாளர் கொழும்பு மத்திய தந்தி நிலையத்து அறை ஒன்றிலிருந்து வானொலிப் பரிசோதனை செய்தார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் உதிரிப்பாகங்களால் அமைத்த ஒலிபரப்பிக் கருவி. அதில் அவர் அனுப்பியது கிராமபோன் இசை. இலங்கை வானொலியின் பிள்ளையார் சுழியே ஓர் இசைத்தட்டு.

குடாநாட்டில் தட்டு மூன்று விதமான கைகளில் இருந்தது. முதலாவது வசதியான வீடுகள். சிங்கப்பூர், மலாயா உத்தியோகக் காசில் சாவி முறுக்கும் பெட்டியை வாங்கி முன் விறாந்தையில் வைத்தவர்கள். இரண்டாவது சங்கீதம் படித்தவர்கள். பாட்டு மனதில் ஏறும்வரை ஒரே இடத்தில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்தவர்கள். மூன்றாவது, எண்ணிக்கையில் அதிகமாகத் தட்டு வைத்திருந்தவர்கள், லவுட்ஸ்பீக்கர்காரர்கள். திருவிழா, சாமத்தியச் சடங்கு, கலியாணம், தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பெட்டி பெட்டியாகத் தட்டு இருந்தது. முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு சீர்காழி, சௌந்தரராஜன், நடுச்சாமத்துக்கு மேல் யாராவது கேட்டால் சோகப் பாட்டு.

சேகரிப்பாளர்களுக்கு லவுட்ஸ்பீக்கர் செட்டுத் தட்டு என்றால் இளப்பம். தேய்ந்து வெளுத்திருக்கும், இரைச்சல் கூட, விலை போகாது. எனக்கு அதுதான் பிடிக்கும். அப்படி ஒரு தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வளையம் ஓடும். பழைய ஒலிப்பெட்டியின் தலைப்பாகம் நூறு கிராமுக்கு மேல் பாரம். உருக்கு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும் என்று விதி. சிக்கனம் பார்த்து ஒரே ஊசியில் பத்துப் பாட்டு ஓட்டினால் கோடு அரைந்துபோகும். சாம்பல் ஒரு பக்கத்தில் மட்டும் கூட இருந்தால் ஊர் கேட்டது அந்தப் பாட்டைத்தான். லேபிளில் செட்டுக்காரரின் றப்பர் முத்திரை இருக்கும். தவறிப் பிறர் பெட்டிக்குள் போகாமலிருக்கப் பெயின்றால் போட்ட ஒரு எண் இருக்கும். சில வேளை பென்சிலில் ஒரு தேதியும். சென்னையில் பளபளக்கிற அதே தட்டில் இவை எதுவும் இல்லை. போனில் இருக்கிற பாட்டிலும் இல்லை. வீட்டுக்காரரின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

மிஞ்சியது குறைவு. 1990இல் போரால் மின்சாரம் நின்றபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். சாவி முறுக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லைதான், ஆனால் அது பரணில் ஏறி சுருள்வில் கறள்பிடித்து எத்தனையோ வருடமாகியிருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டது. ஒரு பத்து அங்குலத் தட்டு 200 கிராமுக்குக் குறையாது. நூறு தட்டு என்றால் 20 கிலோ, விழுந்தால் ஓடு. அன்றைக்கு அரிசியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுத் தட்டைத் தூக்கியிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. மறு வருடம் திரும்பி வந்தபோது கூரை இல்லாத வீடுகளில் மழையும் வெயிலும் மிச்ச வேலையைச் செய்திருந்தன. வெயிலில் அரக்கு வளையும், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், உறையைக் கறையான் தின்னும்.

அப்படியும் தப்பியவை உண்டு. அவற்றுக்கு என்ன செய்வது? பலரும் நேரே கணினியில் ஏற்றத்தான் ஓடுகிறார்கள். அது இரண்டாம் வேலை. முதல் வேலை எழுதுவது.

தட்டைக் கையில் எடுத்தால் லேபிளில் கம்பனிப் பெயர், பாடியவர், பாட்டு, ராகம், கூடவே ஒரு விற்பனை இலக்கம் இருக்கும். எச்.எம்.வி. என்றால் என் என்ற ஆங்கில எழுத்தோடும், கொலம்பியா என்றால் ஜி.இ. என்ற எழுத்துகளோடும் தொடங்கும் வரிசைகள் நம் வீடுகளில் அதிகம். பெரும்பாலானோர் இதை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். லேபிளுக்கும் பாட்டுக் கோட்டுக்கும் நடுவே வெறுமையாக ஒரு வளையம் இருக்கிறதே, அதைச் சாய்த்துப் பாருங்கள். அரக்கிலேயே பொறித்த எழுத்தும் எண்ணும் தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ் இலக்கம். தட்டுக்கு அதுவே பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். விற்பனை இலக்கம் மறுபதிப்பில் மாறலாம், லேபிளின் நிறம் மாறலாம், பெயரை அச்சுக்காரர் பிழையாகவும் அடிக்கலாம். மேட்ரிக்ஸ் இலக்கம் அந்த ஒரு பதிவுக்கே உரியது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வேறு இலக்கம். சில வேளை ஒரே பாட்டை ஒரே அமர்வில் இரண்டு தடவை பாட வைத்து இரண்டையும் வெளியிட்டிருப்பார்கள். இலக்கத்தின் வால் எழுத்து மட்டும் வேறாக இருக்கும். நமது சங்கீதத்தில் இது சின்ன விஷயமில்லை. நிரவலும் சுரமும் இரண்டு தடவையும் ஒரே மாதிரி வராது. பெயரை மட்டும் பார்த்து 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று ஒதுக்கினால் இன்னொரு கச்சேரியையே ஒதுக்குகிறீர்கள்.

வேகமும் ஒரு சிக்கல். 78 சுற்று என்று சொல்வது வழக்கமே தவிர, தொடக்க காலத் தட்டுகள் பல அந்த வேகத்தில் பதியப்பட்டவை அல்ல. 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறிவிடும். ஐந்து கட்டைக்காரி ஐந்தரைக்குப் போய்விடுவாள், குரலும் கீச்சிடும். இணையத்தில் உலவும் பழைய பதிவுகள் சிலவற்றில் வித்துவான்கள் அவசரப்படுவதுபோல் தோன்றக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். பதிவு செய்கிறவர் எந்த வேகத்தில் ஓட்டினார் என்று குறித்து வைத்தால் பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்வார்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு அதில் கரையும். வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு மென்மையான சவர்க்காரத் திரவம் விட்டு, லேபிள் நனையாமல், கோட்டின் போக்கிலேயே மெல்லிய தூரிகையால் துடையுங்கள். நிழலில் நிமிர்த்தி உலர விடுங்கள். வைப்பதும் நிமிர்த்தியே, அடுக்கி வைத்தால் அடித்தட்டு வெடிக்கும். அரிய தட்டைப் பழைய பெட்டியில் உருக்கு ஊசியால் ஓட்டிக் காட்டி விருந்தாளிகளை மகிழ்விக்க வேண்டாம். எல்.பி.க்கு உரிய ஊசியும் உதவாது, கோட்டின் அடியில் உராயும். 78க்கென்று தடித்த ஊசி தனியாக விற்கிறது.

மற்ற இடங்களில் இந்த வேலை எவ்வளவோ தூரம் போய்விட்டது. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் தனி ஆளாகப் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்து அவற்றைப் பற்றி எழுதியும் வந்தார். அவுஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர், கிராமபோன் கம்பனி 1899 முதல் 1908 வரை செய்த இந்தியப் பதிவுகளை இலக்கம் இலக்கமாகத் தொகுத்து 1994இல் நூலாக்கினார். மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தனக்கென்று சஞ்சிகையே நடத்தியது. ஒடியன் கம்பனியின் இந்தியத் தட்டுகள் பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு எண்மியமாயின. அதில் தென்னிந்திய இசையும் உண்டு. இவர்கள் எல்லோரும் பாட்டுக்கு முன்னால் பட்டியலைத்தான் போட்டார்கள்.

பட்டியல் போடுவது நமக்குப் புதிதா? அகரவரிசையில் தமிழ்ப் புலவர்களை நிரல்படுத்தி ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபக'த்தை 1886இலேயே வெளியிட்ட மண் இது. 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக இணையத்தில் ஏற்றி வருகிறது. நூலுக்குக் கிடைத்த அந்தக் கவனம் தட்டுக்கும் கிடைக்க வேண்டும். மருதனார்மடத்தில் இசை படிக்கும் மாணவர்கள் ஒரு விடுமுறையில் தங்கள் ஊரை மட்டும் சுற்றி வந்தால்கூட வலிகாமம் தெற்குக்கு ஒரு முதல் பட்டியல் கிடைத்துவிடும். தட்டை வீட்டுக்காரரிடம் இருந்து வாங்க வேண்டிய அவசியமில்லை. வாங்கவும் கூடாது என்பேன். யாருடைய தட்டு, எந்த வீட்டில் இருந்தது என்ற செய்தி கைமாறும்போதே அழிந்துவிடுகிறது.

உங்கள் வீட்டு அலுமாரிக்கு அடியிலோ பரணிலோ தட்டு இருந்தால் பழைய சாமான் வாங்குகிறவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு சி.ஆர். கொப்பி எடுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு பக்கம். கம்பனி, லேபிள் நிறம், விற்பனை இலக்கம், இரண்டு மேட்ரிக்ஸ் இலக்கங்கள், பாடியவர், பாட்டு, வெடிப்பு, தேய்மானம், உறையிலும் லேபிளிலும் உள்ள முத்திரை, கையெழுத்து, யார் எப்போது வாங்கியது என்று வீட்டில் மூத்தவர்கள் சொல்வது. போன் கமராவால் இரண்டு பக்க லேபிளையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். உடைந்த தட்டையும் எறியாமல் எழுதுங்கள். இலக்கம் தெரிந்தால் போதும். மூத்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். கொப்பியின் ஒரு பிரதியை உங்கள் ஊர் வாசிகசாலையிலும் கொடுத்து வையுங்கள்.