கம்பிச் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர்

ஸ்போக்ஸ் சக்கரத்தில் டியூப்லெஸ் போடலாமா என்று கேட்டு என் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு, முதலில் டயரைக் கழற்றி ரிம்மின் உட்புறத்தைக் காட்டுவேன். ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்து வரும் நிப்பிளில் முடிகிறது. 36 கம்பி என்றால் 36 ஓட்டை. டியூபை எடுத்துவிட்டால் அத்தனையிலும் காற்று கசியும்.

ஓட்டையை அடைத்துவிடலாம். துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, ஒவ்வொரு நிப்பிள் தலையிலும் சீலன்ட் வைத்து, நன்றாகக் காய்ந்தபின் அகலமான டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். கம்பி முறுக்கிக் கோட்டம் எடுப்பதை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு முறுக்கினால் அடைப்பு விட்டுப்போகும்.

எனக்குப் பயமெல்லாம் ரிம்மின் ஓரத்தைப் பற்றித்தான். டியூப்லெஸ் ரிம்மில், டயரின் விளிம்பு உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு சிறு மேடு ஓடும். காற்று இறங்கினாலும் விளிம்பு உள்ளே சரியாமல் அது தாங்கும். டியூப் ரிம்கள் பலவற்றில் அந்த மேடு கிடையாது. வேகத்தில் பஞ்சரானால் விளிம்பு நழுவி, இருக்கிற காற்றும் ஒரே நொடியில் போய்விடும். வண்டி கைக்கு அடங்காது. மேடில்லாத ரிம்முக்கு எவ்வளவு பணம் தந்தாலும் நான் செய்து தருவதில்லை.

பி.எம்.டபிள்யூ 1987இலேயே ஜி.எஸ். வண்டிகளில் கம்பிகளை ரிம்மின் வெளி ஓரத்தில் கோத்தது. காற்று நிற்கும் இடத்தில் ஓட்டையே இல்லை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450க்கும் இப்போது கம்பெனியே டியூப்லெஸ் ஸ்போக்ஸ் சக்கரம் தருகிறது. முடிந்தவர்கள் அப்படிப்பட்டதையே வாங்குங்கள். மாற்றிய பின்னும் நெடும்பயணத்தில் பையில் ஒரு டியூப் இருக்கட்டும்.