சிரிப்புக்கும் உண்டு கணக்கு!

கார்ட்டூன் படம் என்றால் குழந்தைகளின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரே காட்சியைப் பலமுறை பார்த்தும் ஒவ்வொரு முறையும் சிரித்தபோதுதான், ‘இதில் என்ன மாயம்?’ என்ற கேள்வி எழுந்தது.

காட்சி இதுதான். அமெரிக்கப் பாலைநிலம். ரோட் ரன்னர் என்னும் பறவையை, ஓநாய் இனத்தைச் சேர்ந்த கயோட்டி துரத்துகிறது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காகச் சக் ஜோன்ஸ் இயக்கி 1949-இல் தொடங்கிய படவரிசை இது. மலை விளிம்பைத் தாண்டியும் கயோட்டி அந்தரத்தில் ஓடுகிறது, விழவில்லை. நிற்கிறது. கீழே பார்க்கிறது. பிறகு நம்மைப் பார்க்கிறது. அதன் பின்னரே விழுகிறது!

இங்கே இயற்பியல் விதி பொய்யாகிறது. மனித இயல்பு பொய்யாகவில்லை. தவறு செய்யும்போது நாம் அஞ்சுவதில்லை. செய்தது தவறென்று தெரிந்த பிறகே அஞ்சுகிறோம். அந்தத் தெரிந்த கணத்தைத்தான் இயக்குநர் நிறுத்திக் காட்டுகிறார்.

அடுத்தது காலக் கணக்கு. திரையில் வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. மேடையில் எவ்வளவு நேரம் தயங்குவது என்பதை நடிகர் அப்போதைக்கப்போது முடிவு செய்யலாம். கார்ட்டூனிலோ வரையும்போதே அதை முடிவு செய்தாக வேண்டும். கயோட்டி பள்ளத்தில் சிறுத்து மறைய 18 சட்டங்கள், மறைந்தபின் தரையில் மோத 14 சட்டங்கள் என்பது ஜோன்ஸ் கூறிய கணக்கு. 13 ஆனாலும் 15 ஆனாலும் சிரிப்பு வராதாம்!

14 சட்டங்கள் என்பது அரை வினாடிக்குச் சற்றே அதிகம். அவ்வேளையில் திரையில் ஒன்றுமே நடப்பதில்லை. நடப்பதெல்லாம் நம் மனத்தில். மோதல் முந்தினால் எதிர்பார்க்க நேரமில்லை. பிந்தினால் எதிர்பார்ப்பு ஆறிப்போகும். கடைசியில், அவ்வளவு பெரிய வீழ்ச்சிக்கு எழுவதோ ஒரு சிறு புழுதி!

பிறர் துன்பத்தைக் கண்டு சிரிப்பது கொடுமையல்லவா என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் பறவை பெரும்பாலும் அதைத் தாக்குவதே இல்லை. தன் சூழ்ச்சியில் தானே விழுகிறது கயோட்டி; அடுத்த காட்சியிலேயே புதிய திட்டத்தோடு எழுந்து வருகிறது. நாம் சிரிப்பது அதன் வலியைக் கண்டல்ல. திருந்தாத அதன் நம்பிக்கையைக் கண்டே. அந்த நம்பிக்கை நம்மிடமும் உண்டு.

நண்பர்களே, அடுத்த முறை இப்படத்தைக் கண்டால், புழுதி எழும்வரை உள்ளுக்குள் எண்ணிப் பாருங்கள். ஒரு நொடிச் சிரிப்புக்குப் பின்னே எத்தனை உழைப்பு என்பது புரியும்.