கடிக்கிற குட்டிப் பையனும் கடுப்பேத்துற தியரியும்!

பியாஜே, பௌல்பி, எரிக்சன், பந்தூரா... செமஸ்டருக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி, மறுநாள் மதியமே மறந்து போற பேருங்க. டே கேர் சென்டர்ல மூணு வாரம் ப்ராக்டிக்கல் போனப்பதான் அந்தப் பேருங்களுக்கெல்லாம் எனக்கு உயிர் வந்தது!

முதல் நாளே எனக்கு அமோக வரவேற்பு. இடது கையில் பளிச்சென்று பல் தடம்! கடித்தவருக்கு வயது ரெண்டரை. கையில் ஒரு சிவப்பு லாரி.

"அவன்கிட்ட கொஞ்சம் தள்ளியே இரு கண்ணு. நாலு பிள்ளைங்களைக் கடிச்சிருக்கான்" என்றபடி சோப்பும் தண்ணியும் கொடுத்தார் ஆயாம்மா. இன்னொரு தடவை கடித்தால் பையனை அனுப்பிவிடுவதாக அவன் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டதாம். அம்மாவுக்கு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை. பிள்ளையை விட இடமில்லை என்றால் அந்த வேலையும் இல்லை. ஆக, அந்தக் குட்டிப் பல்லில் ஒரு குடும்பத்தோட சம்பளமே மாட்டிக்கிட்டு இருந்தது.

ஓவர் ஸ்மார்ட் ஆன கதை

நான் சைக்காலஜி கடைசி வருஷம். சும்மா இருப்பேனா? 1961-ல் ஸ்டான்ஃபோர்டில் பந்தூரா நடத்திய பொம்மைப் பரிசோதனை ஞாபகம் வந்தது. பெரியவங்க ஒரு பொம்மையை அடிக்கிறதைப் பார்த்த குழந்தைங்க, அதே மாதிரி அடிச்சாங்க இல்லையா? 'வீட்டுல யாரோ இவனை அடிக்கிறாங்க' என்று முடிவே கட்டிவிட்டேன். சாயங்காலம் அவன் அம்மாவிடம், "வீட்ல சண்டை எதுவும் நடக்குதாக்கா?" என்று கேட்டும் வைத்தேன். அவங்க முகம் சுருங்கிப் போச்சு. பதில் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் எங்க மேடம் காய்ச்சி எடுத்துட்டாங்க. "தியரியை வெச்சுக்கிட்டு குழந்தையைத் தேடாதே. முதல்ல குழந்தையைப் பாரு, அப்புறமா தியரிக்கு வா. கடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்தது, எப்படிக் கடிச்சான், அப்புறம் என்ன ஆச்சு... மூணையும் எழுது. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே!"

நோட்டு சொன்ன ரகசியம்

அஞ்சு நாள் எழுதினேன். ஆறு கடி. ஆறுமே பதினோரு மணிக்கு முன்னால். ஆறிலும் அந்த ஒரே சிவப்பு லாரி! யாராவது அதைப் பிடுங்குவாங்க. டீச்சர், "ஷேர் பண்ணி விளையாடணும்" என்பார். அடுத்த செகண்ட் கடி.

இப்போ புத்தகத்தைப் புரட்டினேன். குழந்தைகள் எப்படிச் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று மில்ட்ரட் பார்ட்டன் 1932-ல் எழுதியது கண்ணில் பட்டது. ரெண்டு, ரெண்டரை வயசில் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள். கூடி விளையாடுவது போகப் போகத்தான் வரும். எரிக்சன் கணக்கில் இது 'நானே செய்வேன், என்னுது' என்று அடம்பிடிக்கிற வயசு. ஆனால், 'இது எனக்கு வேணும், பிடுங்காதே' என்று சொல்லத்தான் இவனுக்கு வார்த்தை இன்னும் வரலை. வாயில் வார்த்தை இல்லாததால் பல் பேசியது!

இன்னொரு விஷயமும் நோட்டில் இருந்தது. கடி நடந்த நாளெல்லாம், அவன் பொம்மை பார்க்கிற சமயத்தில் அம்மா நைஸாக நழுவிய நாள். சொல்லிட்டுப் போனா அழுவானே என்கிற பாசம்தான் காரணம். ஆனால் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம் என்றால்? அதுக்கப்புறம் எதையுமே கையிலிருந்து விட மனசு வராதில்லையா?

இங்கேதான் பௌல்பி வருகிறார். அந்தக் காலத்து லண்டன் ஆஸ்பத்திரிகளில் குழந்தையைப் பார்க்க அப்பா, அம்மாவுக்கே ஏகப்பட்ட கட்டுப்பாடு. பௌல்பியோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன், ஆஸ்பத்திரியில் தங்கிய ஒரு ரெண்டு வயசுக் குழந்தையை 1952-ல் படமாகவே எடுத்துக் காட்டினார். அழாத குழந்தை சமாதானமாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்பதுதான் அதன் சேதி. மூலையில் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்த இன்னொரு பாப்பாவையும் அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

என்னதான் செஞ்சோம்?

பெரிசா ஒண்ணும் இல்லை. முதலில் அவன் அம்மாவிடம் மன்னிப்பு கேட்டேன். பிறகு, "அழுதாலும் பரவாயில்லக்கா, டாட்டா சொல்லிட்டே போங்க. தூங்கி எழுந்ததும் வருவேன்னு சொல்லுங்க" என்றேன். மணி தெரியாத வயசு. ஆனா தூக்கம் தெரியுமே! கூடவே அவங்களோட பழைய துப்பட்டா ஒண்ணு. பஞ்சுப் பொம்மை, பழைய துணி என்று குழந்தைகள் விடாமல் பிடித்துக்கொள்வதன் அருமையை எழுதிய பிரிட்டிஷ் டாக்டர் வின்னிகாட்டுக்கு நன்றி.

சென்டரில் காலி அட்டைப்பெட்டிகளுக்குச் சக்கரம் வரைந்து நாலு 'லாரி' செய்தோம். யாராவது கிட்டே வந்தால் "என்னுது, தரமாட்டேன்" என்று சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுத்தோம். "இதுக்கா படிக்கிற படிப்பு?" என்று சிரித்த ஆயாம்மாதான் அட்டையை வெட்டிக் கொடுத்தார்!

ரெண்டாவது வாரம் காலையில் முன்னைவிட அதிகமாகவே அழுதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூணாவது வாரம் அழுகை அஞ்சு நிமிஷமாகக் குறைந்தது. கடி? ஒரே ஒரு தடவை. அதற்கும் சென்டர் மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார்.

தியரியும் தப்பு பண்ணும்!

பால் நேரத்தில் நாலு வயசுப் பெண் ஒருத்தி, "அவளுக்கு மட்டும் நிறைய!" என்று அழுதாள். அளவு ஒண்ணுதான், டம்ளர்தான் உயரம். அப்படியே பியாஜே சொன்னது! ஆனால் அவரும் கடைசி வார்த்தை இல்லை. 1970-களில் ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சன் குழுவினர் இதே மாதிரி ஒரு சோதனை செய்தார்கள். வரிசையாக அடுக்கிய வில்லைகளைப் பெரியவர்கள் கலைக்காமல் ஒரு குறும்புக் கரடிப் பொம்மை கலைப்பது போலக் காட்டினார்கள். பல குழந்தைகள் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகவே சொன்னார்கள்! நாம கேட்கிற விதமே குழந்தையைக் குழப்பலாம்.

நீங்களும் ப்ராக்டிக்கல் போறீங்களா?

* 'வாலு', 'முரடு' என்று பட்டம் கொடுக்காதீங்க. நடந்ததை மட்டும் எழுதுங்க.
* ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீங்க. அஞ்சு தடவையாவது பாருங்க.
* அப்பா, அம்மாவிடம் குற்றவாளியை விசாரிக்கிற மாதிரிப் பேசாதீங்க. (அனுபவஸ்தி சொல்றேன்!)
* ஆயாம்மாவைக் கேளுங்க. அவங்க வருஷக்கணக்கா பார்த்ததை நாம மூணு வாரத்தில் பார்த்துட முடியாது.

கடைசி நாள். அவன் அட்டை லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அழவைக்க வேண்டாமே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதான் உறைத்தது... நானும் அதையேதானே செய்கிறேன்?

திரும்பிப் போய் அவன் முன்னால் உட்கார்ந்தேன். "அக்கா போறேன்டா. நாளைக்கு வரமாட்டேன். ஆயாம்மா இருப்பாங்க. டாட்டா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் லாரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்...

"என்னுது. தரமாட்டேன்!"