வீடு வாங்க வேளை எது?

கத்தரிக்காய் விலை இறங்கினால் கூடுதலாக ஒரு கிலோ வாங்கிப் போடுகிறோம். புடவை விலை இறங்கினால் கடையில் நிற்க இடம் கிடைப்பதில்லை. வீட்டு விலை இறங்கும்போது மட்டும், "இன்னும் இறங்குமோ?" என்று கை பின்வாங்குகிறது. இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. கத்தரிக்காயில் ஏமாந்தால் ஒரு வேளைக் குழம்போடு போயிற்று. முதல் வீட்டில் ஏமாந்தால் பாதி ஆயுளின் சம்பாத்தியம் அல்லவா போய்விடுகிறது?

ஹாங்காங் நகரத்தின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1997-ல் அந்த ஊரில் வீட்டு விலை உச்சியில் நின்றது. அந்த ஆண்டு ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி ஆசியாவையே உலுக்கியது. ஹாங்காங்கில் வட்டி ஏறியது. அக்டோபரில் அரசாங்கம், ஆண்டுக்கு 85,000 வீடுகள் என்ற திட்டத்தையும் அறிவித்தது. விலை சரியத் தொடங்கியது. இடையிடையே சற்று நிமிர்ந்தாலும், சரிவு ஆறு வருஷம் நீடித்தது. 2003-ல் ஸார்ஸ் நோயும் வந்து சேர்ந்தபோது, விலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கரைந்திருந்தது!

1997-ல் ஒரு தம்பதி 40 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கைப்பணம் 12 லட்சம், கடன் 28 லட்சம். 2003-ல் அந்த வீட்டின் மதிப்பு சுமார் 14 லட்சம். கடன் பாக்கியோ 20 லட்சத்துக்கு மேல்! வீட்டை விற்றாலும் கடன் தீராது. அந்த நிலையில் அப்போது ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீட்டுக் கடன்கள் இருந்தன.

"பொறுத்திருந்தவர்கள் கெட்டிக்காரர்கள்" என்று நினைக்கிறீர்கள், இல்லையா? அங்கேதான் சங்கடம். முதல் வருஷத்திலேயே விலை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கிவிட்டது. "இதுதான் அடிமட்டம்" என்று 1998-ன் இறுதியில் வாங்கியவர்கள் பிறகு இன்னொரு பெரும் சரிவைப் பார்த்தார்கள். உண்மையான அடிமட்டம் வந்த 2003-லோ, நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் வேலையில்லை; தெருவெங்கும் முகமூடி. யாருக்கு வீடு வாங்க மனம் வரும்? ஆனால் விலை அங்கிருந்துதான் ஏறத் தொடங்கியது. 2011-ல் பழைய உச்சியையும் தாண்டியது. பிறகு 2021-ல் புதிய உச்சியைத் தொட்டு, மறுபடி சரிந்தது. அடிமட்டத்தில் யாரும் பலகை நட்டு வைப்பதில்லை; தாண்டிப் போன பிறகுதான் அது தெரிகிறது.

அந்த ஆறு வருஷத்தில் மிகவும் நொறுங்கிப் போனவர்கள் யார்? வேலை போய்த் தவணை கட்ட முடியாதவர்கள். நடுவழியில் விற்றே தீரவேண்டியிருந்தவர்கள். வீடும் போய், மீதிக் கடனும் அவர்கள் தலையில் நின்றது. தவணையைத் தவறாமல் கட்ட முடிந்தவர்களுக்கு நஷ்டம் காகிதத்தில் இருந்தது. குடித்தனம் வீட்டுக்குள் நடந்தது.

ஆகவே சகோதரிகளே, விலை இன்னும் இறங்குமா என்று ஜோசியம் பார்ப்பதை விட்டு, உங்கள் கணவரோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

ஒன்று: அந்த வீட்டில் பத்து வருஷமாவது இருப்போமா? இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றல் வருமென்றால், முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் தரகுமே உங்களைத் தின்றுவிடும்.

இரண்டு: முன்பணம் கொடுத்த பிறகும் ஆறு மாதத் தவணைக்குக் கையிருப்பு மிஞ்சுமா? கடைசி வளையலையும் அடகு வைத்துத்தான் முன்பணம் சேரும் என்றால், இன்னும் வேளை வரவில்லை.

மூன்று: வட்டி, வரி, பராமரிப்பு எல்லாம் சேர்த்தால், இப்போது கொடுக்கும் வாடகையைவிட எவ்வளவு அதிகம்? வித்தியாசம் பெரிதென்றால், வாடகை வீட்டில் காத்திருப்பது வீண் செலவல்ல. அந்த வித்தியாசத்தைச் சேமித்தால் நாளைய முன்பணம்.

மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், இறங்குமுகமான சந்தை உங்களுக்கு ஒரு சௌகரியம் தருகிறது: அவகாசம். வீட்டை மழை நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வில்லங்கம் பாருங்கள். கூசாமல் பேரம் பேசுங்கள். "நாளைக்கு வேறு ஒருவர் வருகிறார்" என்று தரகர் அவசரப்படுத்தினால், "வரட்டுமே!" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

விலை நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளலாம். வாங்கும் வேளையை மட்டும் உங்கள் வீட்டு வரவு செலவு நோட்டில் பாருங்கள்.