நூதனசாலையும் அங்காடியும்

அரும்பொருள்களைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துக் காத்தலே நூதனசாலையின் தொழில் என்பர் பலர். விலை பேசும் குரல் அங்கே கேட்டல் இழுக்கு என்பதும் அவர் கருத்து. கைவினைப் பொருள்களைப் பொறுத்தவரை இக்கொள்கை பொருந்துமா என்பது ஆராயற்பாலது. பானையும் புடைவையும் கொள்வாரை நோக்கியே செய்யப்படுவன. கொள்வார் இலராயின் வனைவாரும் நெய்வாரும் இலராவர்; பேழையுள் இருப்பது மாண்டொழிந்த தொழிலொன்றின் எச்சமாய்விடும்.

புதுதில்லியிலுள்ள தேசிய கைவினை நூதனசாலை இவ்விடர்ப்பாட்டைக் கட்டட அமைப்பினாலேயே தீர்க்க முற்பட்டது. கமலாதேவி சட்டோபாத்தியாயர் முதலியோரின் முயற்சியால் 1950களில் அதன் சேகரிப்புத் தொடங்கியது. 1972ஆம் ஆண்டு நடந்த ஆசிய வாணிபப் பொருட்காட்சிக்கென எழுப்பிய கிராமிய வீடுகள் பின்னர் அதனோடு சேர்ந்தன. கட்டடக் கலைஞர் சார்ள்ஸ் கொறெயா 1975இல் வரையத் தொடங்கிய புதிய கட்டடம் 1990 அளவில் நிறைவெய்தியது.

அக்கட்டடத்தில் வியப்பூட்டும் முகப்பு யாதும் இல்லை. தாழ்ந்த ஓட்டுக் கூரைகளின் நடுவே, வானம் பார்த்த பாதையொன்று ஊர்த்தெருவைப் போலச் செல்கின்றது. ஊர், கோயில், அரண்மனை என்னும் முறையில் முற்றங்கள் தொடர, அவற்றின் அயலே காட்சிக் கூடங்கள் அமைந்துள்ளன. அதே வளவில், பல மாநிலங்களிலிருந்து அழைக்கப்படும் கைவினைஞர் அமர்ந்து, காண்போர் முன்னிலையிலே தொழில் செய்து, செய்தவற்றை விற்கின்றனர். அவர்கள் இங்கே வேடிக்கைப் பொருளல்லர். முன்னோர் செய்த சிறந்த உருக்களைப் பார்த்துத் தம் கைத்திறனைச் செப்பஞ்செய்வதற்கும் இச்சேகரிப்பு உதவவேண்டும் என்பது அமைத்தோர் நோக்கம். மாளிகை போன்றதொரு வாயில் இருந்திருப்பின், கிராமத்துக் குயவர் உள்ளே நுழையவே கூசியிருப்பர்.

பாரிசு நகரத்து லூவர் நூதனசாலையின் அருகே 1993இல் திறக்கப்பட்ட நிலக்கீழ் அங்காடி வேறு வகையினது. அதன் கடைகளிற் பலவற்றுக்கும் மேலேயுள்ள ஓவியங்களுக்கும் தொடர்பில்லை. பெருந்திரளான மக்கள் அவ்வழியே வருதலே அங்கு முதல். வணிகத்திற்கு அது நன்று. கலைக்கு அதனால் விளைவது சிறிதே.

எனினும் தில்லியின் முறையிலும் இடையூறு உண்டு. விரைந்து விலைபோகும் சிறு பொம்மைகளையே செய்யுமாறு சந்தை கைவினைஞரைத் தூண்டும்; பல மாதம் உழைத்து நெய்யும் துணி பின்தள்ளப்படும். வடிவமைப்போர் இங்கே செய்யத்தக்கது ஒன்றுண்டு. காட்சிப் பொருளுக்கு ஊரும் காலமும் எழுதி வைப்பதுபோல, விற்பனைப் பொருளுக்கும் செய்தவர் பெயர், ஊர், உழைத்த நாட்கள் ஆகியவற்றை எழுதி, இரண்டையும் அடுத்தடுத்த முற்றங்களில் வைக்கலாம். பழந்துணியின் நுண்மையைக் கண்டவுடனே புதுத்துணியின் விலையைக் கேட்பவர், அவ்விலையைக் குறைக்கும்படி வாதாடச் சிறிதேனும் தயங்குவர்.