போப் காலில் விழுந்தார்... சண்டை நின்றதா?

2019 ஏப்ரல் 11, வாடிகன். இரண்டு நாள் தியானம் முடிகிறது. தெற்கு சூடான் அதிபர் சல்வா கீரும், அவரை எதிர்த்துப் போரிட்ட ரீக் மச்சாரும் எழுந்து நிற்கிறார்கள். 82 வயது போப் பிரான்சிஸ், உதவியாளர்கள் தாங்கிப் பிடிக்க, சிரமப்பட்டு மண்டியிட்டு அவர்களுடைய ஷூவில் முத்தமிடுகிறார். அங்கிருந்த வேறு சில தலைவர்களுக்கும் அப்படியே செய்கிறார்.

தலைவர் காலில் தொண்டர் விழும் படங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது தலைகீழ் காட்சி. இதற்கான வேர், பைபிளில் யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

துண்டைக் கட்டிய குரு

புழுதியில் நடந்து வந்தவர்களின் காலைக் கழுவுவது அந்தக் காலத்தில் வேலைக்காரர்களின் வேலை. கைதாவதற்கு முந்தைய விருந்தில் இயேசு எழுந்து, மேலாடையைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவத் தொடங்குகிறார். பேதுரு பதறிப்போய் மறுக்கிறார். அப்புறம்தான் சம்மதிக்கிறார்.

இதில் இரண்டு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, கழுவி முடித்த பிறகு 'நான் உங்கள் தலைவன் இல்லை' என்று இயேசு சொல்லவில்லை. குரு என்று நீங்கள் அழைப்பது சரிதான் என்கிறார். அதிகாரம் அவர் கையில்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே குனிகிறார். இன்னொன்று, காட்டிக்கொடுக்கப்போகும் யூதாஸும் அந்தப் பந்தியில் இருந்தார். அவர் எழுந்து வெளியே போவது இதற்குப் பிறகுதான்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று கத்தோலிக்க ஆலயங்களில் இதே நிகழ்வு சடங்காக நடக்கிறது. சடங்கு என்று ஆகிவிட்டால் எல்லாம் சுலபம்தான். வீட்டிலேயே சோப்பு போட்டுக் கழுவிய காலைத்தான் பெரும்பாலும் பாதிரியார் மறுபடி கழுவுவார்!

பிரான்சிஸ் அந்தச் சுலபத்தைக் கொஞ்சம் கலைத்தார். 2013 மார்ச்சில், பதவிக்கு வந்து 15 நாள்தான் ஆகியிருந்தது. வழக்கமாக ரோமின் பெரிய பேராலயங்களில் செய்வதை, காசல் தெல் மார்மோ இளையோர் சிறையில் செய்தார். 12 பேரில் இரண்டு பெண்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அப்போதைய திருவழிபாட்டு விதி ஆண்களை மட்டுமே சொன்னது. 'போப்பே விதியை மீறலாமா?' என்று சபைக்குள் முணுமுணுப்பு எழுந்தது. 2016 ஜனவரியில் விதியையே மாற்றி, பெண்களையும் சேர்த்தார்கள்.

முணுமுணுத்தவர்களின் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஒரு சாதாரணப் பாதிரியார் இதைச் செய்திருந்தால் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும். போப்பின் தாழ்மைக்குப் பின்னால் போப்பின் அதிகாரமும் இருந்தது. ஆனால், அந்த அதிகாரம் சிறையில் இருந்த பெண்களுக்காகச் செலவானது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பலன் என்ன?

தெற்கு சூடானில் 2013 டிசம்பரில் தொடங்கிய உள்நாட்டுப் போரில் சுமார் 4 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. 2018இல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அது காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது என்றுதான் 2019இல் தலைவர்களை வாடிகனுக்கு அழைத்தார்கள். கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியும் உடன் இருந்தார். அழைக்கப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களே, கீர் கத்தோலிக்கர். காலைக் கழுவும் கதை அவர்களுக்குப் புதிது அல்ல. குனிந்தவருக்கு எதையும் கட்டாயப்படுத்தும் வழி கிடையாது. அவரிடம் படையும் இல்லை.

2020 பிப்ரவரியில் கீரும் மச்சாரும் சேர்ந்து ஒற்றுமை அரசு அமைத்தார்கள். ஆனால், உள்ளூர்ச் சண்டைகள் ஓயவில்லை, தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. 2023 பிப்ரவரியில் பிரான்சிஸ் தலைநகர் ஜூபாவுக்கே போய், வன்முறையை நிறுத்துங்கள் என்று தலைவர்களிடம் நேரில் கேட்டார். 2025 மார்ச்சில் மச்சார் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

அடுத்த மாதம், ஏப்ரல் 17. பெரிய வியாழன். 88 வயது பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் ரோமின் ரெஜினா சேலி சிறைக்குப் போனார். இந்த முறை காலைக் கழுவ முடியவில்லை, ஆனாலும் உங்கள் பக்கத்தில் இருக்க விரும்பினேன் என்று கைதிகளிடம் சொன்னார். நான்கு நாள் கழித்து இறந்தார்.